சத்தியம் பண்ணி விற்ற தைலம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் டெல்லி கரோல் பாக்கில் நடந்தது இது. அங்கே திங்கட்கிழமை பெரிய கடைகளுக்கு விடுமுறை. மூடிய ஷட்டர்களுக்கு முன்னால் நடைபாதை வியாபாரிகள் துணி விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு கடையில்தான் நான் அப்போது வேலை பார்த்தேன்.

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூர், சூரத், புனே என்று சுற்றிவிட்டுக் கட்டட வேலைக்காக டெல்லி போனேன். குளிர்காலத்தில் அந்த வேலை நின்றுவிட்டது. சேலம் பக்கத்துக்காரர் ஒருவர் தன்னோடு வரச் சொன்னார். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவேன். அண்ணி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்தார். அவர்கள் குடிசைக்குப் பின்னால் தகரத் தடுப்பு ஒன்று இருந்தது. அதில் நான் படுத்துக்கொள்வேன்.

அண்ணன் விற்றது உடும்புத் தைலம். மூட்டுவலி, முதுகுவலி, ஆண்கள் காதோடு வந்து கேட்கிற சங்கதி எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். பின்னால் உடும்புப் படம் போட்ட பேனர் தொங்கும். காய்ச்சுவது என் வேலை என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடுகெண்ணெய், கற்பூரம், மிளகு, நொச்சி இலை, கூடவே ஆட்டுக் கொழுப்பு. கொழுப்பை நான்தான் கசாப்புக் கடையில் வாங்கி வருவேன். ஆனால் உடும்பு என்று சொன்னால்தான் விற்கும். "அசல்தானா?" என்று யாராவது கேட்டால், அண்ணன் தொண்டையில் கைவைத்து, பெற்ற பிள்ளை மேல் சத்தியம், நானே பிடித்தது என்பார். அந்தத் தொழிலில் அது வணக்கம் சொல்வது மாதிரி. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு வராது.

ஒரு திங்கட்கிழமை ஒரு பெண்ணும் ஓர் ஆளும் வந்தார்கள். பழைய ஸ்வெட்டர் போட்ட அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மூட்டுவலி என்று அவர் சொன்னதும் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். எந்தக் காட்டில் பிடித்தார், எப்படி உரித்தார், எவ்வளவு நேரம் உருக்கினார் என்று ஒரு கதையே சொன்னார். கூட வந்த ஆள் சட்டைப் பையிலிருந்த போனில் எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. கதை முடிந்ததும் அந்தப் பெண் அடையாள அட்டையை நீட்டினார். வனவிலங்குக் குற்றங்களைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர்.

அண்ணன் அவர் காலில் விழாத குறை. "அய்யோ மேடம், அதெல்லாம் யாவாரப் பேச்சுங்க. உள்ள இருக்கறது ஆட்டுக் கொழுப்புங்க" என்று தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிக் கதறினார்.

"அச்சா! ரெண்டு நிமிஷம் முன்னாடி உடும்பு, இப்ப ஆடா?" என்று கூட வந்தவர் சிரித்தார். சுற்றி நின்ற கூட்டமும் சிரித்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, அப்ப நான் இவ்வளவு நாளா ஆட்டுக் கொழுப்பையா தேய்ச்சேன்?" என்று சண்டைக்கு வந்தார். உடும்பு என்றால் ஜெயில், ஆடு என்றால் அடி. நடுவில் அண்ணன் முழித்தார்.

தான் நாணயமான ஆள் என்று காட்ட அவருக்கு ஒரு வழி தோன்றியது. தட்டில் ருத்ராட்சத்தோடு குங்குமம் பூசி வைத்திருந்த ஒரு வேரை எடுத்தார். இரண்டு கை சேர்த்துக் கும்பிடுவது போல இருக்கும். அங்கே ஹத்தா ஜோடி என்பார்கள். வீட்டில் வைத்தால் செல்வம் தங்கும் என்று நம்பி வாங்குவார்கள்.

"இத வெச்சுக்கங்க மேடம். இது அசல் வேருங்க. இதுல ஒரு பொய்யும் கெடயாது" என்று அவர் கையிலேயே கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனிக் கவரில் போட்டு, பாட்டில்களோடு சேர்த்து முத்திரை வைத்தார்.

அண்ணனை உள்ளே வைத்தார்கள். கூலிக்கு நிற்கிற ஆள் என்று என்னை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். உடும்பு புலிக்குச் சமமான பாதுகாப்பு உள்ள பிராணி, குற்றம் நிரூபணமானால் மூன்று வருஷத்துக்குக் குறையாது, ஜாமீனும் சுலபமில்லை என்று வக்கீல் சொன்னார். நான் கசாப்புக் கடைக்குப் போய் ஒரு வார்த்தை சாட்சி சொல்லச் சொன்னேன். கடைக்காரர் என்னைத் தெரியாது என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. போலீஸ் என்றால் நானே அப்படித்தான் ஒதுங்குவேன். சத்தியம் பண்ணுகிற வீடியோ ஒரு பக்கம், என் பேச்சு ஒரு பக்கம் என்றால் எது நிற்கும்? மிச்சமிருந்தது ஆய்வுக்கூடம் ஒன்றுதான்.

அங்கிருந்து வந்த முதல் பதிலும் உதவவில்லை. எண்ணெய் அதிகமாகக் கொதித்திருக்கிறது, எந்தப் பிராணி என்று சொல்ல முடியவில்லை என்று வந்தது. கேஸ் நடத்துகிறவர்களுக்கு அது போதும். வீடியோவே கையில் இருக்கிறது. ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் அப்படி விடவில்லை. ஒரு காலையில் எங்கள் குடிசைக்கே வந்து, தைலம் காய்ச்சிய பாத்திரத்தைக் கேட்டார்.

அண்ணன் அந்த அண்டாவைக் கழுவவே விடமாட்டார். பழைய அடிக்கசடின் மேல்தான் புதிது காய்ச்ச வேண்டும், அப்போதுதான் வீரியம் இறங்கும் என்பார். அதனால் அடியில் விரல் கனத்துக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது. நான் சேருவதற்கு முன்னால் காய்ச்சியதும் அதில் இருக்கும். அப்போது அவர் எதைப் போட்டாரோ யாருக்குத் தெரியும்?

இன்ஸ்பெக்டர் வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார். அண்டா பக்கத்திலேயே சபீனா பவுடரும் தேங்காய் நாரும் இருந்தன.

"தம்பி, அவரப் புடிச்ச அன்னிக்கே பக்கத்து வூட்டுக்காரி இதக் கழுவி வெச்சுருன்னு சொன்னா. கழுவிரட்டுமா?"

"தெரியலையே அண்ணி. நான் வர்றதுக்கு முன்னால..."

"எனக்கும் தெரியாது." நாரை எட்டத் தள்ளி வைத்தார். "அந்தாளு வாயத் தொறந்தா பொய்யி. ஆனா ஒரு பல்லியக்கூட அடிக்க மாட்டாரு. எடுத்துட்டுப் போ."

கழுவாத அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கட்டில் பக்கத்தில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, "கழுவலையா? நல்லது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பதில் வந்ததும் என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். தைரியமாக நின்றேன் என்று சொல்லமாட்டேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். கசடை மேலும் கீழுமாகப் பல இடத்தில் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், எல்லா இடத்திலும் ஆடு, ஓரிடத்தில் கொஞ்சம் கோழி, உடும்பு எங்கேயும் இல்லை என்றார். ஒரு தடவை ஆட்டுக் கொழுப்பு கிடைக்காமல் கோழிக் கொழுப்பு வாங்கிப் போனது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கரியாகப் போனதில் அதையும் கண்டுபிடித்திருக்கிறார்களே!

எப்படி மேடம் என்று கேட்டேன். என் அரைகுறை இந்திக்காக அவர் மெதுவாகச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு துணுக்கிலும் இது இன்ன பிராணி என்று எழுதியிருக்குமாம். கொதித்தால் அந்த எழுத்து துண்டுதுண்டாக உடைந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தச் சின்னத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிப் படிக்கிறார்களாம். முகம் தெரியாத ஒரு தைலக்காரனுக்காக யாரோ உட்கார்ந்து கசடைப் படித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அந்த ஆய்வுக்கூடம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்த வேர். அது வேர் இல்லை."

அது நிஜ உடும்பு. உடும்பின் எந்தப் பாகம் என்பதை அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆண் உடும்புக்கு மட்டும் இருக்கிற பாகம். அதைக் காயவைத்து வேர் என்று விற்கிறார்களாம். உடும்பு என்று அண்ணன் சத்தியம் செய்தது ஆடு. வேர் என்று அவர் மனதார நம்பியது உடும்பு. தைலக் குற்றம் போய்விட்டது, இந்தக் குற்றம் நிற்கிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அந்தப் பாகத்தை நானும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அண்ணியின் கண் சாமிப் படங்கள் வைத்திருந்த பலகைக்குப் போனது. முருகன் படத்துக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி ஒரு ஹத்தா ஜோடி, பொட்டும் பூவுமாக.

"அடப்பாவி மனுசா! அதுக்கா நான் தெனமும் கற்பூரம் காட்டுனேன்?"

சொல்லிவிட்டு அண்ணி சிரித்தார். அண்ணன் ஜெயிலுக்குப் போனதிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதைப் பூவோடும் பொட்டோடும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்கே போனார்.

"இதுவும் எங்க வூட்ல இருந்துச்சுங்க மேடம். சாமின்னு நெனச்சுக் கும்பிட்டோம்" என்று மேஜை மேல் வைத்தார். நான் இந்தியில் சொன்னேன். அது இன்னொரு குற்றமாகவும் ஆகலாம் என்று வழியெல்லாம் அண்ணியை எச்சரித்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பையைத் திறந்து அந்தப் பொட்டையும் காய்ந்த பூவையும் பார்த்தார். அதையும் முறைப்படி எழுதி முத்திரை வைத்தார். பிறகு எழுந்து, அண்ணியின் தோளில் கை வைத்தார்.

ஜாமீன் மனு வந்த அன்று அவர் கோர்ட்டில் எதையும் மறைக்கவில்லை. சத்தியம் செய்த வீடியோவைச் சொன்னார், அண்டாவில் ஆடு மட்டுமே இருந்ததைச் சொன்னார், வேர் உடும்பின் பாகம் என்பதையும் சொன்னார். கூடவே, யாரும் கேட்காமலே அந்த வேரை அண்ணனே எடுத்துக் கொடுத்தார், மனைவி வீட்டிலிருந்ததைத் தானாகக் கொண்டுவந்தார், தெரிந்தவர்கள் அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டமாட்டார்கள் என்றும் சொன்னார். வேர் விற்ற மொத்த வியாபாரியை அண்ணன் ஏற்கனவே அடையாளம் காட்டியிருந்தார். அந்த ஆளிடம் ஒரு சாக்கு நிறைய இருந்ததாம். அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்தது.

வெளியே வந்ததும் அண்ணன் இன்ஸ்பெக்டரின் காலைத் தொடக் குனிந்தார். அவர் நகர்ந்துகொண்டார். "நான் உனக்காகச் செய்யலை. அண்டாவுல உடும்பு இருந்திருந்தா அதையும் இப்படியேதான் சொல்லியிருப்பேன்" என்றார். அண்ணனுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது.

வழக்கு இன்னும் நடக்கிறது. நான் நாக்பூர் வந்துவிட்டேன், இங்கிருந்தும் கிளம்ப யோசனை. போன இடங்களிலெல்லாம் சந்தேகத்தில் பிடிபட்டிருக்கிறேன், சும்மாவும் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு மனிதனை உள்ளே தள்ள ஆதாரம் தேடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவனை விடுவிக்கிற ஆதாரத்தையும் அதே சிரத்தையோடு அண்டாவின் அடிவரை தேடியவர்களை டெல்லியில் மட்டும்தான் பார்த்தேன். அப்படிச் சிலர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, புது ஊரில் போய் இறங்கும்போது எனக்கு முன்பு இருந்த பயம் பாதியாகக் குறைந்திருக்கிறது.