லோகாம்பாள் போட்ட முடிச்சு

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் தறி வைத்திருப்பவர்கள் பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது லோகாம்பாளைத்தான் கூப்பிடுவார்கள். தறியில் தொங்கும் பழைய பாவு இழை ஒவ்வொன்றின் நுனியிலும் புதிய இழையின் நுனியைப் பிணைக்க வேண்டும். நாலாயிரத்துக்கு மேல் இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவள் நிமிர்வதில்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்த வேலை இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தே பழகிய கை. இருபது வருஷத்தில் ஒரு இழை நழுவியதாகப் பேச்சில்லை.

"லோகா முடிச்சு போட்டா எமன் வந்துதான் அவுக்கணும்" என்பார் தறிக்காரர் நமச்சிவாயம். போன ஆடி வரைக்கும் அதைக் கேட்டு அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் மகள் பிரியதர்ஷினிக்குத் தலைவலி வந்தது. இருபத்துமூன்று வயது, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. நாலாம் நாள் கம்பெனி பஸ்ஸில் இல்லாத ஆளைப் பார்த்துக் கத்தினாள். வீட்டில் பாத்திரத்தை வீசினாள். குடிக்கக் கொடுத்த தண்ணீரை விஷம் என்றாள். லோகாம்பாளின் கணவர் ஆதிகேசவன் நாலு பேரிடம் விசாரித்து, செய்யாறு பக்கம் மந்திரிக்கிறவர் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த ஆள் பிரியாவைத் தூணில் கட்டச் சொன்னான். பெற்றவள் கையால்தான் கட்ட வேண்டுமாம்.

லோகாம்பாள் தன் பழைய புடவையைக் கிழித்து இரண்டு மணிக்கட்டையும் கட்டினாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. அவளுக்கு வேறு மாதிரி போட வராது.

ஒன்பது நாள். பத்தாம் நாள் வலிப்பு வந்த பிறகுதான் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, மூளையில் வீக்கம் என்றார் டாக்டர். "முன்னாடியே ஏன் கூட்டினு வரல?" என்று அவர் கேட்டபோது, ஆதிகேசவன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பதில் சொல்ல லோகாம்பாள்தான் நின்றாள்.

ஐப்பசி முடிவில் பிரியா வீடு திரும்பினாள். பேச்சு வந்துவிட்டது, நடை பாதி வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் மடங்கி, மார்போடு ஒட்டிக் கிடந்தது. கட்டினதால் இல்லை, வீக்கத்தால்தான் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். லோகாம்பாள் தலையாட்டினாளே தவிர, நம்பவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஷாரோன் வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டியில் வந்து பயிற்சி கொடுத்தாள். தை பிறந்ததும் ஒருநாள் பையிலிருந்து தடித்த துணியுறை ஒன்றை எடுத்தாள். மணிக்கட்டில் கட்ட அதில் இரண்டு நாடா.

"வெரலு லேசா விரியுதும்மா. ஆனா இவ எல்லாத்தையும் இடது கையிலயே முடிச்சுக்கிறா. சும்மா இருக்கிற கையை மூளை மறந்துடும். அதனால நல்லா இருக்கிற கையைக் கட்டிடணும். தினம் ஆறு மணி நேரம், மூணு வாரம். நான் வராத நாள்ல நீங்க கட்டுங்க."

லோகாம்பாள் உறையைத் தொடவில்லை. "வேற வழி இல்லியா மேடம்?"

"இருக்குது. இந்த அளவுக்குப் பலன் இருக்காது. நாள் போவப் போவ கஷ்டம்."

நாற்காலியில் இருந்த பிரியா இடது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டிருந்தாள். "கட்னா... சரியாப் பூடுமா?" என்றாள் ஷாரோனிடம்.

"முழுசான்னு சொல்ல மாட்டேன். சோறு பெசஞ்சு துன்னலாம். பட்டன் போடலாம்."

"அப்ப கட்டுங்க மேடம். ஆனா இவங்க கட்ட வேணாம்."

இத்தனை வயசுக்கு அவள் அம்மாவை 'இவங்க' என்றதில்லை.

"அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுடி, பிரியா."

"தெரியாதுதான். அவுத்துவுடும்மான்னு கத்தினேனே. அதுகூடவா... காதுல உழல?"

ஷாரோன் எண்ணெய்ப் புட்டியை மூடித் திறந்து மறுபடி மூடினாள்.

எதிர்வீட்டுக் கமலாட்சி ஒன்பது மணிக்கு வந்து கட்டுவது, மூன்று மணிக்கு அவிழ்ப்பது என்று ஏற்பாடானது. அந்த நேரத்தில் லோகாம்பாள் வீட்டில் இருக்கக்கூடாது என்பதும் பிரியா சொன்னதுதான். 'இன்னமும் கட்டித்தான் வெச்சிருக்காங்களாம்' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். லோகாம்பாள் பாவு வேலை இல்லாத நாளிலும் சாம்பல் டப்பாவோடு கிளம்பி, யார் வீட்டுத் தறி ஓரத்திலாவது உட்கார்ந்திருந்தாள்.

பதினேழாம் நாள் அவள் வீடு திரும்பியபோது மணி மூன்றே கால். கமலாட்சி ரேஷன் கடை வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தாள். உறை இன்னும் கையிலேயே இருந்தது. வாசலிலேயே நின்று, "நான் அவுக்கட்டுமா?" என்றாள் லோகாம்பாள்.

"வேணாம்."

பிரியா வலது கையை மேசை விளிம்பில் தூக்கி வைத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுங்கிக்கொண்டே நாடாவின் நுனியைத் தேடின. பிடித்தன, நழுவவிட்டன, மறுபடி பிடித்தன. எந்த நுனியை இழுத்தால் உடனே விழும் என்று லோகாம்பாளுக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. பிரியாவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. கடைசியில் நாடா தளர்ந்து, உறை மடியில் விழுந்தது.

"விழுந்துச்சு பாரு!" லோகாம்பாள் உள்ளே ஓரடி வைத்துவிட்டாள்.

பிரியா இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். பழைய தழும்பு அங்கே வளையல் மாதிரிச் சுற்றிக் கிடந்தது.

"கமலாட்சி அக்கா போட்டது. அதனால அவுந்துச்சு" என்றாள்.

மறுநாள் எட்டரைக்கே லோகாம்பாள் சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.