பிளேடால் சுரண்டிய பொட்டு

எங்கள் குவார்ட்டர்ஸை அழகுபடுத்தப் பழைய சாமான் கடையில் ஒரு நிலைக்கண்ணாடி வாங்கினேன். அதில் யாரோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். சீ என்று பிளேடால் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சட்டத்துக்கு நீலப் பெயின்ட் அடித்தேன்.

மறுநாள் வாசலில் ஒரு பெரியவர். மைன்ஸில் ரிட்டயர் ஆனவராம்.

"கடைக்காரர்தான் வழி சொன்னாரும்மா. கண்ணாடி உங்களுக்கே இருக்கட்டும். குளிக்கப் போறப்ப என் வூட்டுக்காரி ஒட்டிவெச்ச பொட்டு அதுல இருக்கு. அவ போயிட்டா. அத மட்டும் எடுத்துக்கினு போறேன்."

கண்ணாடியைக் காட்டினேன். மிஞ்சியிருந்த பசைக் கறையை விரலால் தடவிவிட்டுப் போய்விட்டார்.

இன்றும் தலைவார நின்றால் அந்தக் கறை சரியாக என் நெற்றியில் விழுகிறது. அந்தம்மாவும் என் உயரம்தான் போலிருக்கிறது.