ஒரே பச்சையில் இரண்டு தெரு

1. பிரித்ததும் கட்டியதும்

மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு தெருவின் சட்டைகளை வெட்டி மெஷினுக்குத் தள்ளிவிட்டு, அடுத்த தெரு கொடுத்த துணிக்கட்டைப் பிரித்தேன். பிரித்த கையோடு திரும்பக் கட்டிப் போட்டேன்.

“என்ன, உள்ள பாம்பு கெடக்கா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பாம்புன்னா அடிச்சிருப்பேன். வந்து பாருங்க.”

வந்து பார்த்தார். மெஷினில் கிடந்ததையும் பார்த்தார். இரண்டும் ஒரே பாட்டில் கிரீன், ஒரே பொடிக் கட்டம். மாடலுக்கென்று இரண்டு தெருவும் செல்போனில் அனுப்பியிருந்த படமும் ஒன்றேதான். சைனீஸ் காலர், மர பட்டன், நெஞ்சில் மூடி வைத்த ஒற்றைப் பை. எவனோ ஒருவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் வாய்க்குக் காஜா அடித்துப் பட்டன் போட்டு மூடியிருப்பேன்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொங்கல் ஊர்வலத்துக்குத் தெருப் பையன்கள் அத்தனை பேரும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போடுவார்கள். என்ன கலர் என்பது ஊர்வலம் கிளம்பும் காலைவரை ரகசியம். பெண் பார்த்துவிட்டு வந்த சங்கதியைக்கூட டீக்கடையில் சொல்லிவிடுவான்கள், இதைச் சொல்ல மாட்டான்கள். ஒரே கலர் இரண்டு தெருவில் வந்துவிட்டால், யார் யாரைக் காப்பி அடித்தது என்று சண்டைதான். டெய்லரும் சொல்லக் கூடாது. ஒரு தெருவின் கலரை இன்னொரு தெருவுக்குச் சொன்ன டெய்லர் அதோடு கடையைச் சாத்திவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

எங்கள் கடையில் அளவெடுப்பது வீட்டுக்காரர், வெட்டுவது நான். ராஜபாளையத்தில் ‘மாஸ்டரக்கா கடை’ என்றால்தான் தெரியும். போர்டில் வேறு பெயர் இருக்கிறது, அதை யாரும் வாசித்ததில்லை. அதன் கீழே ‘லேட்டஸ்ட் பேஷன்’ என்று பெயிண்டர் தானாகவே எழுதிவிட்டுப் போனார். கேட்டதற்கு, இடம் மிச்சம் இருந்தது என்றார்.

2. நான் ஏன் திரும்பக் கட்டினேன்

நான் பிறந்தது தெற்குத் தெரு. வாழ்க்கைப்பட்டது வடக்குத் தெரு. தெற்குத் தெருப் பையன்களுக்குத் தலைவன் என் தம்பி பாண்டி. வடக்குத் தெருவுக்கு என் கொழுந்தன் செல்வம். இரண்டும் எனக்கு வாய்த்த முத்துக்கள்.

அதற்கு முந்தைய வருடம், கோயில் முக்கில் யார் மேளம் முன்னால் போவது என்று தள்ளுமுள்ளாகி, ஒரு தவில் கிழிந்து, செல்வத்துக்குப் பல் ஆடி, பாண்டிக்குப் புருவத்தில் தையல். அந்தத் தையலை நான் போட்டிருந்தால் இன்னும் நேராக இருந்திருக்கும். இன்ஸ்பெக்டர் இரண்டு தெருவையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்: “அடுத்த வருஷம் ஒருத்தன் சட்ட கிழிஞ்சாலும் சரி, அதுக்குப் பொறவு ஊர்வலமே கெடையாது.”

ஊர்வலம் கிடக்கட்டும். அந்தச் சண்டைக்குப் பிறகு நான் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போனால் இங்கே முகம் சுளிப்பார்கள், போகாவிட்டால் அங்கே அம்மா அழுவாள். தீபாவளியன்று அம்மா கொடுத்துவிட்ட அதிரசத்தைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். நடந்து போகிற தூரத்தில் இருக்கிற வீடு! இன்னொரு சண்டை வந்தால் அந்த வாசல் எனக்கு ஒரேயடியாக அடைபட்டுப் போகும். அதுவும் நான் தைத்த சட்டையால்.

3. இரண்டு தலைவர்கள், இரண்டு அர்த்தம்

ரகசியத்தை உடைக்காமல் ஒருவனையாவது கலர் மாற்ற வைக்கலாம் என்று பார்த்தேன். முதலில் பாண்டியைக் கூப்பிட்டுவிட்டேன்.

“ஏலே, இந்தப் பச்ச வேண்டாம்லே. வேர்வைக்குச் சாயம் போகும். உள் பனியன் எல்லாம் பாசி பிடிச்ச மாதிரி ஆயிரும்.”

“போனாப் போகட்டும்க்கா. இது பேஷன். பேஷன்னா என்ன? வேற எவனும் போடாததப் போடுறது. இந்த ஊர்லயே எங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு.”

நான் இருமினேன். செத்த நேரம் இருமல் நிற்கவே இல்லை, தண்ணீர் குடித்தேன்.

அடுத்து செல்வம்.

“தம்பி, உங்க நெறத்துக்கு மெரூன்தான் எடுப்பா இருக்கும்.”

“மதினி, உங்களுக்கு வெவரம் பத்தாது. பேஷன்னா ஊரு ஒலகத்துல எல்லாரும் எதப் போடுறாங்களோ அதான். மெட்ராஸ்ல போய்ப் பாருங்க, பூராம் இந்தப் பச்சதான்.”

ஒருவனுக்கு யாரும் போடாதது பேஷன். இன்னொருவனுக்கு எல்லாரும் போடுவது பேஷன். இரண்டு பேருக்கும் சட்டை என்னவோ ஒன்றுதான். எங்கள் கடையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தத்துக்கா பஞ்சம்? வத்திராயிருப்பில் இருந்து மகனோடு வருகிற அப்பாக்கள், “பேஷனெல்லாம் வேண்டாம், சாதாரணமாத் தைங்க” என்பார்கள். ‘இறுக்கம் வேண்டாம்’ என்று அர்த்தம். மாமியாரோடு வருகிற மருமகள் “பேஷனா வேணும்” என்றால் முதுகு இறக்கம் என்று அர்த்தம். அதே மாமியாரின் கிழிந்த பிளவுஸுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தால், “பேஷன்னு சொல்லிக்கிட வேண்டியதுதான்” என்று வாங்கிக்கொண்டு போவாள்.

4. ஸ்ரீவில்லிபுத்தூர் சார்

அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய வாடிக்கையாளர் சார் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் தைத்த அளவிலேயே இன்றைக்கும் பேண்ட் தைக்கச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் இடுப்பை மட்டும் நாங்களாகவே பார்த்துத் தளர்த்திக் கொடுத்துவிடுவோம், அவருக்குத் தெரியாது.

“சார், நீங்க படிச்சவிய. இந்தப் பேஷன்ங்கிற வார்த்தைக்கு அர்த்தந்தான் என்ன?”

அவருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பேண்ட்டை மறந்து உட்கார்ந்துவிட்டார்.

“லத்தீன்ல ஒரு சொல்லும்மா. ‘செய்’ங்கிறதுல இருந்து வந்தது. செய்றதுக்கும் அதான் சொல்லு, சேந்து செய்ற கூட்டத்துக்கும் அதான் சொல்லு. அது பிரெஞ்சுக்காரங்க வாயில தேஞ்சு, இங்கிலீஷுக்கு வந்து பேஷன் ஆச்சு. மொதல்ல ‘செய்ற விதம்’னுதான் அர்த்தம். ஒரு பொருள உருவாக்குறதுக்கும் இன்னைக்கும் அந்தச் சொல்லு உண்டு. உடுப்புக்குன்னு ஆனது பிந்தித்தான்.”

“அப்ப கத்திரி புடிக்கிற நாங்கதான் பேஷன்.”

“சந்தேகமே இல்ல. இன்னொண்ணு கேளுங்க. அதே லத்தீன் சொல்ல இன்னொரு தடவ நேராவும் எடுத்துக்கிட்டாங்க. அதுதான் பேக்‌ஷன். அப்படின்னா கோஷ்டி. ரெண்டும் கூடப் பொறந்ததுக.”

“ஒரு வயித்துல பொறந்த பேஷனும் கோஷ்டியுமா சார்?”

“ஆமாம்மா.”

எனக்கு வந்த சிரிப்பில் நூல்கண்டு டேபிளுக்குக் கீழே உருண்டுவிட்டது. சார் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, பேண்ட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பாவம்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். “ஒரு தெருவுக்கு மட்டும் பட்டன மாத்திருவோம். கொஞ்சமாவது வித்தியாசம் தெரியும்லா.”

“வித்தியாசம் தெரிஞ்சாத்தானய்யா அடிப்பான். நம்ம ஆளு எவன், எதிராளி எவன்னு கண்ணுக்குப் படணும்லா? ஒரு நூல்கூட மாறக் கூடாது.”

மாறவில்லை. ஒரே பேட்டர்ன், ஒரே நூல், ஒரே பட்டன் டப்பா. தோள் தையல் மட்டும் இரண்டு தெருவுக்கும் இரட்டையாகப் போட்டேன், பிடித்து இழுத்தாலும் கிழியக் கூடாது என்று.

5. கோயில் முக்கு

ஊர்வலம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பையன்கள் மேல் பெண்கள் மஞ்சத்தண்ணி ஊற்றுவதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு நான் இரண்டு தெருப் பெண்களையும் கூட்டிக்கொண்டு முக்கு வீட்டு மொட்டைமாடியில் காலையிலேயே அண்டாவோடு நின்றேன்.

“ஏட்டி, இன்னும் கோயிலுக்கே போகலையே, இப்பமேயா?” என்றாள் என் நாத்தனார்.

“இந்த வருஷம் பேஷன் இப்படித்தான்” என்றேன்.

வடக்கே இருந்து முளைப்பாரி வந்தது. முன்னால் பச்சை. தெற்கே இருந்தும் வந்தது. முன்னால் பச்சை. இரண்டு மேளமும் ஒரே நேரத்தில் நின்றது. நான் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“எவன்லே எங்க சட்டையக் காப்பி அடிச்சது?” என்று செல்வம் கத்தினார்.

“யாரு சட்டைய யாருலே அடிச்சது?” என்று பாண்டி கத்தினான்.

இரண்டு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பாய்ந்தது. “ஊத்துங்கடி!” என்றேன்.

அண்டா அண்டாவாகக் கவிழ்த்தோம். தலை, முகம், மீசை எல்லாம் மஞ்சள். கழுத்துக்குக் கீழே எல்லாம் பச்சை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவனுக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. செல்வம் ஒருத்தன் காலரைப் பிடித்துக் கையை ஓங்கினார். “சித்தப்பா, நான்தான்!” என்று அலறியது என் மகன். செல்வம் விதிர்த்துப்போய்க் கையை எடுத்த நேரத்தில், பின்னால் இருந்து ஒரு கை அவரை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியது. “நீ பின்னால நில்லு மாப்ள, நான் பாத்துக்கிடுதேன்!” அப்படிச் சொன்னது பாண்டி. தன் ஆள் என்று நினைத்துச் செல்வத்துக்குக் காவல் நிற்கிறான்!

திரும்பிப் பார்த்தான். இருவரும் மஞ்சளும் பச்சையுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முளைப்பாரி சுமந்த ஒரு பெண் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

அந்த நேரம் இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்துவிட்டார். “ரொம்ப சந்தோஷம்! ரெண்டு தெருவும் பேசி வச்சு ஒரே சட்ட போட்டு வந்திருக்கீங்க. போன வருஷம் நான் கத்துனது வீண் போகல!” ஊரே கை தட்டியது. பேசி வைக்கவில்லை என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? இரண்டு தலைவர்களும் அவர் போர்த்திய சால்வையை வாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி போட்டோவுக்கு நின்றார்கள். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சட்டையிலும் ஒரு தையல் பிரியவில்லை.

6. யார் முதல்

மறுநாள் கடை திறந்ததும் பாண்டி வந்தான். “அக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. மொதல்ல துணி கொண்டாந்தது யாரு?”

“நீதாம்லே. அவரு ஒன்னையப் பாத்துச் செஞ்சது. வெளிய சொல்லிராத, பாவம், சங்கடப்படுவாரு.”

சாயங்காலம் செல்வம் வந்தார். “மதினி, உண்மையச் சொல்லுங்க.”

“நீங்கதான் தம்பி. அவன் சின்னப்பய, ஒங்களப் பாத்து ஆசப்பட்டுட்டான். பெரிய மனசு பண்ணி விட்ருங்க.”

அந்தத் தீபாவளிக்கு நான் என் அம்மா வீட்டில் இருந்தேன். விருந்துக்குச் செல்வமும் வந்திருந்தார். பாண்டி அவருக்கு அதிரசத்தை அள்ளி அள்ளி வைத்தான், விட்டுக் கொடுக்கிறவனின் பெருந்தன்மையோடு. செல்வமும் அதே பெருந்தன்மையோடு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா ஒன்றும் புரியாமல் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, கத்திரி பிடிப்பது ஒரு மாதத்தில் வந்துவிடும். யார் முதலில் போட்டது, யார் பார்த்துப் போட்டது என்கிற கணக்கு மட்டும் உங்கள் வாயில் இருந்து வரவே கூடாது. பேஷன் நிற்பதே அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாமல் இருப்பதால்தான். இதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். மற்றவனிடம் சொன்னதுதான் பொய் என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்.