கல்பகம் வந்தால் திறக்கும் கதவு

மெட்டுகுடாவில் போய்க் கல்பகம் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. பாஸ் செக்‌ஷன் சார் வீடு என்றால் கீரை விற்கிற அம்மாள்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். கல்யாணமாகி மாயவரத்திலிருந்து வந்து செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கிய நாள் முதல் கல்பகத்துக்கு அதுதான் விலாசம். கணவர் லக்ஷ்மிநாராயணன் அவளை "இந்தா" என்று கூப்பிடுவார். மகள் ஹம்ஸினிக்கு அவள் அம்மா. அவளுடைய பெயரைச் சொல்லி அழைக்கிறவர் என்று ஊரில் ஒருவர்கூட மிச்சமில்லை.

லக்ஷ்மிநாராயணன் வேலை பார்த்தது உயரமான மதில் சுவர் கொண்ட மத்திய அரசு நிறுவனம் ஒன்றில். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று மனைவியிடம் ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. தேச ரகசியம் என்பார். அது என்னவென்று அவருக்கே தெரியாது என்பதுதான் நிஜம். அவருடைய உத்தியோகம் வாசலோடு சரி. யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானிக்கிற பாஸ் செக்‌ஷனில் சேர்ந்து, அதிலேயே சூப்பரின்டெண்டென்ட் ஆகி, அதிலேயே ஓய்வும் பெற்றார்.

அங்கே ஒரு விதி உண்டு. பேட்ஜைக் காலையில் வாசலில் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே போகும்போது அதே வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். பேட்ஜ் மதிலைத் தாண்டக் கூடாது. இந்த விதி அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வீட்டுக்குக் குழாய் ரிப்பேருக்கு வருகிறவனிடமும் அடையாள அட்டை கேட்பார். தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும், அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்பகம் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஹம்ஸினிக்கு ஆறு வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து புருவம் கிழிந்துவிட்டது. ஆபீஸ் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமென்றால் மருத்துவ அட்டை வேண்டும். அட்டை அவர் சட்டைப் பையில். செல்போன் இல்லாத காலம். கல்பகம் குழந்தையின் நெற்றியில் துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போய் மதில் வாசலில் நின்றாள். காவலில் இருந்த முகமது யூசுப், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பாஸ் செக்‌ஷனுக்குப் போன் போட்டார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. குழந்தைக்கு அடிபட்டிருக்கிறது என்று மறுபடியும் போன் போட்டார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

லக்ஷ்மிநாராயணன் இதை மறைத்ததே இல்லை. பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். "சொந்த சம்சாரம் சார். கையில ரத்தத்தோட குழந்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறா. நான் திரும்பிக்கூடப் பார்க்கலை!" கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. சால்வை போர்த்தினார்கள். அன்றிலிருந்து கல்யாணம், சீமந்தம், புதுமனைப் புகுவிழா என்று எங்கே போனாலும் இந்தக் கதை உண்டு. ஒருமுறை துக்கம் கேட்கப் போன இடத்திலும் சொன்னார். கேட்டவர்கள் கல்பகத்தைப் பார்த்து, "இப்பேர்ப்பட்ட மனுஷருக்கு வாழ்க்கைப்பட நீங்க குடுத்து வெச்சிருக்கணும் மாமி" என்பார்கள். அவள் சிரித்துவைப்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

கதையில் அவர் சொல்லாத பாதி ஒன்று இருந்தது. யூசுப், "பரேஷான் நக்கோ ஹோ அம்மா" என்று ஹைதராபாத் உருதுவில் கவலைப்படாதே என்று சொல்லி, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் போட்டார். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். கடைசியில் அவரே ஒரு ஆட்டோவை நிறுத்தி, மெட்டுகுடாவில் ஒரு தனியார் டாக்டரிடம் அனுப்பிவைத்தார். தையல் போட்ட தழும்பு ஹம்ஸினியின் புருவத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

அந்த ஹம்ஸினிதான் இப்போது ஐடி கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். அவளும் கணவன் கிருஷ்ணபிரசாத்தும் சேர்ந்து பெற்றவர்களைச் சொகுசுக் கப்பலில் அழைத்துப்போக ஏற்பாடு செய்தார்கள். ஹைதராபாத்திலிருந்து ஒரு கூட்டமாகக் கிளம்பும் சுற்றுலா. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்ப வேண்டும். கப்பல் கம்பெனி எல்லாரிடமும் புதிதாக எடுத்த புகைப்படம் கேட்டது. லக்ஷ்மிநாராயணன் தன்னுடைய பழைய பேட்ஜ் படத்தை நீட்டினார். தலை நிறைய முடி, கன்னங்கரேலென்று மீசை.

"மாமா, இது ரொம்ப பழசு. ஒரு செல்ஃபி எடுத்துடலாம்" என்றான் கிருஷ்ணபிரசாத்.

"செல்ஃபியெல்லாம் செல்லாது மாப்பிள்ளை. இது கவர்மெண்ட் முத்திரை பதிஞ்ச போட்டோ. இதைவிட ஒரிஜினலா நானே கிடையாது."

கப்பலில் ஏறியதும் பாஸ்போர்ட்டுகளை அவர்களே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு கைப்பட்டையை மாட்டிவிட்டார்கள். ரப்பர் பட்டை, நடுவே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வில்லை. அறைக்கதவு திறக்க அது. காபி வாங்க அது. யார் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று போனில் பார்க்கவும் அதுவே.

ஹைதராபாத் கூட்டம் அந்தப் பட்டையோடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு அம்மாள் அதை வளையல்களுக்கு நடுவே போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் கை நிறைய வளையலை முழங்கைவரை ஏற்றி இறக்கினாள். ஒரு பெரியவர் கதவு திறந்ததும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். அமீர்பேட்டில் கோச்சிங் சென்டர் நடத்துகிற வெங்கட், பட்டையைக் கட்டிய மறுநாளே நீச்சல் குளத்தருகே நாலு பேரை உட்காரவைத்து அதற்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார். சர்டிபிகேட் ஒன்றுதான் தரவில்லை.

லக்ஷ்மிநாராயணனுக்கோ தலைகால் புரியவில்லை. "இதைத்தான் நான் அப்பவே மெமோ போட்டேன். எவன் கேட்டான்?" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். பட்டையைக் கணுக்காலில் கட்டியிருந்த ஒரு ஆஸ்திரேலியரை வழிமறித்து, அடையாளம் என்பது இடுப்புக்கு மேலே தெரியும்படி இருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்த மனிதர் நீச்சல் உடையில் இருந்தார். இரவுச் சாப்பாட்டில் வெங்கட் மேசையில் உட்கார்ந்து வாசல் கதையை முழுதாகச் சொல்லி முடித்தார். வெங்கட் எழுந்து நின்று கை குலுக்கினார்.

கல்பகத்துக்கு நடந்தது வேறு. முதல் நாள் ஹம்ஸினியிடமிருந்து தப்பித் தனியாக அறைக்கு வந்தாள். பட்டையை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் கதவருகே தயங்கி நின்றாள். கிளிக் என்ற சத்தத்தோடு பூட்டு தானாக விட்டுக்கொண்டது. பக்கத்துச் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நல்வரவு, கல்பகம். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. வெளியே போய்விட்டு மறுபடியும் வந்தாள். மறுபடியும் கிளிக், மறுபடியும் கல்பகம். காபி கவுண்டரில் ஒரு பிலிப்பைன்ஸ் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "குட் மார்னிங், மிஸஸ் கல்பகம்" என்றபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காபி சூடு என்று ஹம்ஸினியிடம் சொல்லிச் சமாளித்தாள்.

"அம்மா, என்ன, இந்த பேண்டைத் தூங்கறப்போகூடக் கழட்ட மாட்டேங்கற?" என்று ஹம்ஸினி கிண்டல் செய்தாள்.

"நான் வந்தா கதவு தானா திறக்கறதுடி. அது உனக்குப் புரியாது."

பினாங்கில் கப்பல் நின்றது. ஹம்ஸினியும் கணவனும் காலையிலேயே மலை ரயில் பார்க்கக் கிளம்பிப்போனார்கள். கல்பகமும் லக்ஷ்மிநாராயணனும் நிதானமாக இறங்கினார்கள். வெளியேறும் இடத்தில் இயந்திரத்தில் பட்டையைக் காட்ட வேண்டும். காட்டினார்கள். அதற்கு அடுத்தாற்போல் ஒரு மேசை. மேசை மேல் பெரிய பிரம்புக் கூடை. உள்ளே வெள்ளைத் துணி.

லக்ஷ்மிநாராயணன் முகம் மலர்ந்தது. "பார்த்தியா? கீறல் விழாம இருக்கத் துணி விரிச்சு வெச்சிருக்கான். இதான் சிஸ்டம்." பட்டையைக் கழற்றி, அத்தனை வருஷம் பேட்ஜை ஒப்படைத்த அதே பக்குவத்தோடு கூடைக்குள் வைத்தார்.

"ஏன்னா, வேற யாரும் போடலையே?"

"எல்லாருக்கும் டிசிப்ளின் இருக்குமா? நீயும் போடு."

கல்பகம் சரி என்று தலையாட்டினாள். அவர் திரும்பியதும் பட்டையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். அவர் சொல்லி அவள் கேட்காத முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒன்றைக் கொண்டுபோய்க் கூடையில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

கடல் தாண்டிப் போய் ஒரு தமிழ் ஓட்டலைத் தேடிக் கண்டுபிடித்து இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னி சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வெயிலில் திரும்பினார்கள். மேசையருகே ஒரு பணியாளர், கரையிலிருந்து வருகிறவர்களுக்கு முகம் துடைக்க ஈரத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு எல்லாரும் அந்தப் பிரம்புக் கூடையில் போட்டார்கள். கூடை நிரம்பியதும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, காலிக் கூடையை வைத்தார்.

கல்பகத்துக்கு உடனே புரிந்துவிட்டது. லக்ஷ்மிநாராயணனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கல்பகம் இயந்திரத்தில் கையைக் காட்டினாள். கண்ணாடிக் கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது. அவர் வெளியிலேயே நின்றார். நடுவில் கண்ணாடித் தடுப்பு, பக்கவாட்டில் பேசுவதற்கு ஒரு திறப்பு. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பாதுகாப்பு அதிகாரி சின்னப் பெண், வடக்கத்தி. ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் பேசினாள்.

"மன்னிக்கணும் சார். மிஸ்டர் லக்ஷ்மிநாராயணன் ஏற்கெனவே கப்பலுக்குள்ளே இருக்கார்."

"எங்கே இருக்கார்?"

"லாண்டரியிலே."

"அங்கே என்ன பண்றார்?"

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "சுத்திக்கிட்டு இருக்கார் சார்."

அவர் தான் யார் என்று சொன்னார். தன் பதவியைச் சொன்னார். பாதுகாப்பு விஷயத்தில் தன் அனுபவத்தைச் சொன்னார். அவள் திரையில் இருந்த படத்தைப் பார்த்தாள், கறுத்த மீசை. எதிரே பார்த்தாள், வழுக்கையும் வியர்வையும். "இவர் உங்களை மாதிரி இல்லையே சார்" என்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஈரத் துண்டோடு நின்ற வெங்கட் வேறு, "சார், ஏமன்னா ப்ராப்ளமா?" என்று தெலுங்கில் உரக்கக் கேட்டார். ஊர் பேர் தெரியாத துறைமுகத்தில் தன்னை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுமோ என்ற பயம் லக்ஷ்மிநாராயணன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவர் கண்ணாடி வழியாகக் கல்பகத்தைப் பார்த்தார்.

அதிகாரிப் பெண்ணும் கல்பகத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், இவரைத் தெரியுமா? நீங்க சொன்னா மேலதிகாரியைக் கூப்பிட்டு உள்ளே விட ஏற்பாடு பண்றேன்."

ஒரு வார்த்தை போதும். கல்பகத்துக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகத்தைப் பார்க்கப் பார்க்க, இடுப்பில் குழந்தையின் கனமும் துண்டில் ஊறிய ரத்தத்தின் ஈரமும் அவளுக்கு அப்படியே திரும்பி வந்தன. இத்தனை வருஷமாகச் சபை சபையாகக் கைதட்டல் வாங்கிய விஷயம் அது. அவள் அழக்கூட இடமில்லாமல் உட்கார்ந்து கேட்ட விஷயம்.

"தெரியும்" என்றாள் ஆங்கிலத்தில். "உங்க ரூல் என்ன?"

"பேண்ட் இல்லாம யாரையும் விடக் கூடாது. ஆனா நீங்க…"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே? நான் போய் பேண்டை எடுத்துண்டு வரேன். அதுவரைக்கும் அவருக்கு நிழல்ல ஒரு நாற்காலி போடுங்கோ. சுகர் பேஷண்ட். குடிக்கத் தண்ணி குடுங்கோ."

"இந்தா!" என்று கத்தினார் லக்ஷ்மிநாராயணன். "ஏய், இந்தா!"

கல்பகம் நடந்தாள். ஆனால் திரும்பிப் பார்த்தாள். லிஃப்டுக்குள் நுழைவதற்கு முன் இன்னொரு தரமும் பார்த்தாள். நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் லிஃப்டில் ஏறினாள்.

வரவேற்பு மேசைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். லாண்டரிக்குப் போன் போனது. அவர்கள் துண்டுகளை உதறித் தேடுகிற நேரத்தில் ஒரு காபி வாங்கிக் குடித்தாள். கப்பல் கிளம்ப இன்னும் வேண்டிய நேரம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும், கண்ணாடிக்கு வெளியே இருந்தவருக்குத்தான் தெரியாது. பட்டை கிடைத்தது. சோப்பு வாசனையோடு, பளபளவென்று, லக்ஷ்மிநாராயணனைவிடச் சுத்தமாக இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது வரிசை கலைந்திருந்தது. அதிகாரிப் பெண் கதவைத் திறந்துவிட, கல்பகம் வெளியே போய்ப் பட்டையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. குதிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாற்காலி போடச் சொன்னது நீயா?"

"நான்தான்."

நாற்காலியைவிட்டுக் கையை எடுக்காமலே கேட்டார். "அன்னிக்கு… அங்கே வாசல்ல… உனக்கு யாராவது நாற்காலி போட்டாளா?"

"யூசுப் பாய் போட்டார். தண்ணியும் குடுத்தார்."

"எனக்குத் தெரியவே தெரியாதே, கல்பகம்."

"எப்படித் தெரியும்?" என்றாள் கல்பகம், அவர் மணிக்கட்டில் பட்டையை மாட்டிக்கொண்டே. "நீங்கதான் திரும்பிக்கூடப் பார்க்கலையே."