பொட்டு வைத்த செட்டில் இருண்டுபோன டால்பி விஷன்

1. புதன்கிழமை ஆயர் தாவார் என்ற ஊரில் புஷ்பா அக்கா வீட்டு ஹாலில் அறுபத்தைந்து இஞ்ச் டிவி ஒன்றை மாட்டினோம். படம் அருமையாக இருந்தது. நானே நின்று பார்த்தேன்.

2. சனிக்கிழமை புஷ்பா அக்கா கடைக்குப் போன் செய்தார். சினிமா போட்டால் இருட்டாகத் தெரிகிறது என்றார்.

3. போனிலேயே சில செட்டிங் சொல்லிக் கொடுத்தேன். பலனில்லை.

4. திங்கட்கிழமை மறுபடியும் போன். செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், ஜோசபின் பொய் சொல்லி விற்றுவிட்டாள் என்றார்.

5. போன் ஸ்பீக்கரில் இருந்தது. கடை முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் ஒரு மின்சாதனக் கடையில் நான் டெக்னீசியன். போலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நேராக இங்கே வந்தவள். டிவி மாட்டுவது, படத்தைச் சரிசெய்வது, புகார் வந்தால் போய்ப் பார்ப்பது என் வேலை. விற்பது ஜோசபின் அக்காவின் வேலை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சீனர். எஸ்டேட் ஓரத்து மளிகைக் கடையில் வளர்ந்தவர் என்பதால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

"யோகா, நீ போய்ப் பாரு. செட்டு ரோசாக், கெட்டுப்போச்சுன்னா கம்பெனிக்காரன்கிட்ட நான் பேசி மாத்திக்கிறேன். செட்டு நல்லா இருந்துச்சுன்னா, இவ வாய்தான் ரோசாக். நாளையிலிருந்து ஸ்டோருக்குப் போகட்டும். பெட்டி அடுக்கட்டும்" என்றார்.

"பெட்டிங்ககிட்ட நான் என்ன தவுக்கே பேசுறது?" என்றார் ஜோசபின் அக்கா.

"அதான் வேணும். பெட்டி திருப்பிப் போன் பண்ணாது லா."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்பு ஒருவரை அப்படி ஸ்டோருக்கு அனுப்பியிருக்கிறார். அவர் திரும்ப முன்பக்கம் வரவே இல்லை.

*அளவெடுத்துத் தைத்த படம்*

ஜோசபின் அக்கா அப்படி என்னதான் சொல்லி விற்றார்? நான் பக்கத்தில் இருந்தேன், கேட்டேன்.

புஷ்பா அக்கா ப்ளவுஸ் தைப்பவர். கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு செட்டைக் காட்டி, இரண்டிலும் எச்டிஆர் என்றுதானே எழுதியிருக்கிறது, பிறகு எதற்கு இரண்டு விலை என்று கேட்டார். நியாயமான கேள்வி. எச்டிஆர் என்றால் வெளிச்சமான இடம் நன்றாக வெளிச்சமாகவும், இருட்டான இடம் விவரம் கெடாமல் இருட்டாகவும் தெரிவது. ஆனால் அதைத் தருவதற்கு ஒன்றோடொன்று போட்டி போடும் பல வடிவங்கள் இருக்கின்றன.

எச்டிஆர்10-இல் ஒரு முழுப் படத்துக்கும் வெளிச்சம் எவ்வளவு என்று ஒரே ஒரு குறிப்புதான் டிவிக்குப் போகும். டால்பி விஷனும் எச்டிஆர்10 பிளஸும் காட்சிக்குக் காட்சி தனிக் குறிப்பு அனுப்பும். எச்எல்ஜி ஒளிபரப்புக்கானது. அதில் குறிப்பே கிடையாது, ஒரே சிக்னல் பழைய டிவியிலும் ஓடும், புதிய டிவியிலும் ஓடும். ஒரு கம்பெனி ஒன்றை ஏற்கும், இன்னொரு கம்பெனி மற்றதை ஏற்கும். நான் இதை விளக்க ஆரம்பித்தால் வாடிக்கையாளர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஜோசபின் அக்கா சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, இந்தச் செட்டு கல்யாண வீட்டுக்கே ஒரே சைஸ்ல ப்ளவுஸ் தெச்சுக் குடுத்த மாதிரி. போட்டுக்கலாம், குத்தமில்ல. அந்தச் செட்டு ஆளுக்கு ஆளு அளவெடுத்துத் தெச்ச மாதிரி."

அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. காட்சிதோறும் ஒரு கலைஞர் உட்கார்ந்து வெளிச்சத்தை அளந்து எழுதுகிறார். அந்தக் குறிப்பு கடல் கடந்து ஆயர் தாவாரில் ஒரு சுவருக்கு வந்து சேர்கிறது. நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அதைத் தையல்காரருக்குத் தையலால் சொல்லத் தெரிந்தவரைப் பார்த்தும் வியப்பாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேனில் ஏறியபோது ஜோசபின் அக்காவும் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குக்கா?"

"என்னப் பத்தின பேச்சு. நான் இல்லாம நடக்கக் கூடாது."

ஈப்போ தாண்டிச் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கின. "ஸ்டோர்ல ஏர்கோன்கூட இல்ல, இல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*மூன்று நல்லது, ஒன்று கெட்டது*

புஷ்பா அக்கா வாசலிலேயே நின்றார். "வாங்க, வாங்க. அளவெடுத்துத் தெச்ச டிவியை வந்து பாருங்க."

பெரிய ஹால். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, தையல் மிஷினுக்கு வெளிச்சம் வேண்டும் அல்லவா. அவர் ஒரு படத்தைப் போட்டார். திரையின் மூலையில் டால்பி விஷன் என்று வந்து மறைந்தது. கல்யாணக் காட்சியில் நிறுத்தினார்.

"பொண்ணு கட்டியிருக்கிற சேல என்ன கலரு?"

"கறுப்பு மாதிரி தெரியுது" என்றேன்.

"கல்யாணப் பொண்ணுக்கு எவன் கறுப்புச் சேல எடுப்பான்? அது அரக்கு. எனக்குத் தெரியும். இவ்ளோ பெரிய டிவிக்குத் தெரியல."

அவருடைய கணவர் மாணிக்கம் அண்ணன் செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு வேலை முடித்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். "பழைய டிவியில பொண்ணு முகமாச்சும் தெரிஞ்சிச்சு" என்றார்.

விற்றவர் இந்த இடத்தில் பொதுவாக என்ன செய்வார்? இப்படித்தான் இருக்கும் என்பார். டைரக்டர் அப்படி எடுத்திருக்கிறார் என்பார். ஜோசபின் அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்கா சொல்றது சரி. இருட்டாத்தான் இருக்கு. நான் காட்டி வித்தது இப்பிடி இல்ல" என்றார். தன் இடமே போகப்போகிறது என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

நான் வேலையைத் தொடங்கினேன். என் டெஸ்ட் யூஎஸ்பியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு துண்டுப் படம் வைத்திருக்கிறேன்; எச்டிஆர்10 பிளஸை மட்டும் இந்தச் செட் ஏற்காது.

சாதாரணப் படம்: நன்றாக இருந்தது.
எச்டிஆர்10: நன்றாக இருந்தது.
எச்எல்ஜி: நன்றாக இருந்தது.
டால்பி விஷன்: இருட்டு.

"பாத்தீங்களா?" என்றார் புஷ்பா அக்கா. "இவங்க எதத் தூக்கிவெச்சு வித்தாங்களோ, அது மட்டும்தான் கெட்டது."

ஜோசபின் அக்கா தையல் மிஷின் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கேயே நிறுத்தியிருந்தால் தவுக்கேயிடம் சொல்வதற்கு எனக்கு வேறு எதுவும் இருந்திருக்காது. செட் நன்றாக இருக்கிறது, ஜோசபின் அக்கா புகழ்ந்த அம்சம்தான் சரியில்லை என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் புதன்கிழமை இதே செட்டில் இதே வடிவத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்று நன்றாக இருந்தது. ஆகவே வடிவத்தின்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. டால்பி விஷனுக்குள்ளேயே பல பிக்சர் மோட் உண்டு. ஒவ்வொன்றாக மாற்றினேன். பிரைட் என்ற மோடில் படம் பளிச்சென்று வந்தது. ஐக்யூ என்ற மோடுக்குத் திரும்பினால் மறுபடியும் இருட்டு. ஐக்யூ என்பது அறையின் வெளிச்சத்தைச் சென்சாரால் பார்த்து, அதற்கேற்பப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது. மற்ற வடிவங்களுக்கு அந்த வேலையை நான் மாட்டும்போதே நிறுத்திவிடுவேன். டால்பி விஷனுக்கு மட்டும் விட்டுவைப்பேன், ஏனென்றால் அதில் அது அழகாக வேலை செய்யும்.

அப்படியென்றால் பட்டப்பகலில் இந்தச் செட் ஹாலை இருட்டு என்று நினைக்கிறது.

போன் டார்ச்சைச் சென்சார் இருக்கும் இடத்தில் அடித்தேன். படம் மாறவில்லை. முட்டி போட்டுக் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். நட்டநடுவில், சென்சாருக்கு நேர் மேலே, காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

வந்ததிலிருந்து அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருப்பேன். கண்ணில் படவில்லை. எங்கள் வீட்டு பிரிட்ஜில் இருக்கிறது, அப்பா காரில் இருக்கிறது, புஷ்பா அக்காவின் தையல் மிஷினிலும் இருக்கிறது. பொட்டை யார் நின்று பார்ப்பார்கள்? ரிமோட்டும் ஒளியால் அல்லாமல் புளூடூத்தால் இயங்குவது என்பதால், பொட்டு மறைத்தும் தடையில்லாமல் வேலை செய்தது, சந்தேகமே வரவில்லை.

"அக்கா, இந்தப் பொட்டு எப்ப வெச்சீங்க?"

"வெள்ளிக்கிழம சாமி கும்பிட்டு வெச்சேன். புதுச் சாமானாச்சே. கண்ணு படக் கூடாதுன்னு நல்லா நடுவுல பாத்து வெச்சேன்."

சென்சார் எங்கே இருக்கிறது, என்ன செய்யும் என்று விளக்கினேன். மாணிக்கம் அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "டிவியோட கண்ணுலயே அப்பிட்டியா, புஷ்பா!"

"நீங்க சும்மா இருங்க" என்றார் அவர். முகம் மாறிவிட்டது.

இந்த இடத்தில் நானாகத் துணியை எடுத்துத் துடைத்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். "ரெண்டு வழி இருக்குக்கா. சென்சார் வேலையை நிறுத்திடலாம், பொட்டு அப்பிடியே இருக்கட்டும். இல்லன்னா பொட்டை எடம் மாத்தலாம்" என்றேன்.

ஜோசபின் அக்கா தையல் மிஷின் பக்கமிருந்தே சொன்னார்: "நீங்களே எடுத்து மேல வலது மூலையில வெச்சிடுங்கக்கா. கண்ணு படாம இருக்க அதுவும் நல்ல எடம்தான். மாசா மாசம் துடைக்கிறப்பவும் அழியாது."

புஷ்பா அக்கா கை கழுவிவிட்டு வந்தார். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தார். நான் அந்தக் கல்யாணக் காட்சியை ஓடவிட்டேன். சந்தனம் விலக விலகப் படம் மேலே வந்தது. கறுப்பு அரக்கானது. பிறகு கரையில் தங்க இழை வந்தது.

"ஜரிகை தெரியுது" என்றார் புஷ்பா அக்கா. கிட்டப் போய்ப் பார்த்தார். "ரெட்டக் கரை. நான்தான் சொன்னேனே, அரக்குன்னு."

ஸ்டூல் போட்டு ஏறிப் புதுப் பொட்டு வைத்தார். இறங்கியதும் என்னிடம் போனைக் கேட்டு வாங்கித் தவுக்கேயிடம் பேசினார். "தவுக்கே, டிவியை எடுக்க வேணாம். ஜோசபின் சொன்னது சரிதான், அளவெடுத்துத் தெச்சதுதான்." மறுமுனையில் தவுக்கே ஏதோ கேட்டார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? சரியாப்போச்சு லா" என்று வைத்துவிட்டார்.

பிறகு ஜோசபின் அக்காவைக் கூப்பிட்டார். "இங்க வா. ஒனக்கு எவ ப்ளவுஸ் தெச்சா? தோள்ல உக்காரவே இல்ல. நில்லு, அளவெடுக்கிறேன்."

ஜோசபின் அக்கா கையை விரித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

*இன்றைய நிலை*

நான் கற்றது: ஒரு வடிவம் கெட்டது என்று முடிவு கட்டும் முன், நல்ல நாளுக்கும் கெட்ட நாளுக்கும் நடுவில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் கிளம்புமுன் சென்சார் இருக்கும் இடத்தைக் காட்டி, "பொட்டு வெக்கிறதா இருந்தா மேல மூலையில வெச்சிடுங்க" என்று சொல்கிறோம். யாரும் சிரித்ததில்லை. சிலர் அப்போதே குங்குமச் சிமிழை எடுத்து வருகிறார்கள்.

நான்கு வடிவங்களும் இன்னும் சந்தையில் இருக்கின்றன. எதுவும் எதையும் வெல்லவில்லை. புஷ்பா அக்கா வீட்டுச் செட் நன்றாக ஓடுகிறது. ஜோசபின் அக்கா கடையின் முன்பக்கத்தில்தான் நிற்கிறார்.