சமையல்கட்டுத் திரையைத் தாண்டிய பேச்சு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ராயப்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் அண்டா தேய்த்துத் தொடங்கியவன். இன்றைக்கு தி.நகரிலும் மயிலாப்பூரிலும் கல்யாணம் வைப்பவர்கள் முதலில் என்னிடம் தேதி கேட்கிறார்கள், ஜோசியரிடம் அப்புறம்தான் போகிறார்கள். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கல்யாணச் சமையல் தொழிலில் ஒரே சட்டம்தான். சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே ஒரு திரை தொங்கும். உள்ளே நடப்பது அதைத் தாண்டக் கூடாது. கூட்டு ஊசிப்போனால் எங்கள் தலைமைச் சமையல்காரர், மாஸ்டர், வாயைத் திறக்க மாட்டார், கரண்டியைக் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான். அண்டாவோடு பின்பக்கம் போய்க் கொட்டிவிட்டு வருவோம். பந்தியில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பாயசம் அடிப்பிடித்ததை மாப்பிள்ளை வீட்டாரிடம் உளறிய ஒருவனை, கட்டியிருந்த ஈரத் துண்டோடு நடுத்தெருவில் தள்ளியிருக்கிறேன். எங்கே போனாலும் இந்தத் திரையைப் பற்றிப் பெருமை பேசுவேன். என் மருமகன் அதை நம்பிவிட்டான்.

அவன் படித்தவன். ராணுவத்துக்குக் குண்டு செய்யும் தொழிற்சாலையில் சோதனை பார்க்கிற வேலை. அடையாற்றில் ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வீட்டுக் கல்யாணம் நடந்த அன்று, காலையில் நேராகச் சமையல்கட்டுக்குள் வந்து நின்றான். மாஸ்டர் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாமா, பீரங்கிக் குண்டுல கோளாறுன்னு பேப்பர்ல வந்துச்சே... அந்த விஷயத்தைக் கொடுத்தது நான்தான்."

பயிற்சியில் குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்து இரண்டு சிப்பாய்களுக்குக் கை போயிருந்தது. இந்தக் குண்டு ஆகாது என்று இவன் மேலே பல தடவை சொன்னானாம். அவர்கள் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்களாம்.

"இன்னா மாப்ளே, நம்ம குண்டு நமுத்துப்போச்சுன்னு எதிரிக்கும் இல்ல தெரிஞ்சுபூட்ச்சு? உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?"

"நீங்க ஊசிப்போன கூட்டைக் கொட்டிடறீங்க மாமா. அவங்க பரிமாறிட்டாங்களே."

"புடிக்கலன்னா வேலைய உட்டுட்டு வர்றது. நான் என் பழைய மொதலாளி மூஞ்சிக்கு நேரா கரண்டிய வெச்சுட்டு வந்தவன்."

"நான் விட்டா அந்த இடத்துக்கு வேற ஒருத்தன் வருவான். குண்டு அதே குண்டுதான், மாமா. வெடிக்கிறது யாரோ பெத்த புள்ள கையில."

படித்தவனோடு வாதாடுவது என் வழக்கமில்லை, அவ்வளவுதான்.

"யாருக்கும் தெரியாது. உங்க பொண்ணுக்கும் உங்களுக்கும்தான்" என்றான். பிறகு மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தான். "திரைக்குள்ளதானே சொல்றேன்."

"சாப்ட்டுட்டுப் போங்க மாப்ளே" என்றேன்.

முதல் பந்தியில் உட்காரவைத்து, என் கையாலேயே பருப்புக்கு நெய் விட்டேன். அதே வரிசையில் கல்யாணப் பெண்ணின் தகப்பனார், அந்த அதிகாரி, பக்கத்திலிருந்தவரிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பசங்க மானத்தையே வாங்கிட்டான் சார் எவனோ. அந்தத் துரோகி மட்டும் கையில கெடைக்கட்டும்."

நெய்க் கிண்ணத்தோடு அவர் பக்கம் போனேன். குனிந்து காதில் சொன்னேன். நாலு இலை தள்ளி உட்கார்ந்திருப்பவன்தான், என் மருமகன் என்று.

ஏன் சொன்னேன்? நாளைக்கு அவர்களாகவே கண்டுபிடித்தால் துரோகியின் மாமனார் என்று நாறுவேன். நானே சொன்னால் நாட்டுக்காகச் சொந்த மருமகனையே கொடுத்தவன். என் பெண் என்ன ஆவாள் என்று கேட்கிறீர்கள். கேட்பது சுலபம். தரையிலிருந்து எழுந்து நின்றவனுக்குத்தான் விழுவது என்றால் என்ன என்று தெரியும்.

அதிகாரி நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ரசம் வரட்டும்" என்றார். மருமகன் இரண்டாம் தடவை நெய் கேட்டான். விட்டேன்.

மறுநாள் போலீசார் வீட்டுக்கு வந்து அவனை அழைத்துப்போனார்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு வடபழனியில் சமைத்துக்கொண்டிருந்தபோது என் பெண் வந்தாள். திரையை விலக்கிக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை.

"நைனா, நீயா சொன்னே?"

"நான்தான். இன்னா இப்போ?"

"அவரு வேற எங்க சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருப்பாரு. போயும் போயும் உன் திரைய நம்பி வந்து சொன்னாரு பாரு."

"ராணுவ ரகசியத்த வெளிய உட்டவன் திரையப் பத்திப் பேசுறானா? அவன் கிழிச்சது பெருசா, நான் கிழிச்சது பெருசா?"

"அவரு கிழிச்சதுல இனிமே ரெண்டு பேரு கையாவது மிஞ்சும். நீ கிழிச்சதுல யாருக்கு இன்னா மிஞ்சிச்சு?"

போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

திரும்பினேன். மாஸ்டர் சாம்பார்க் கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடுப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, ஊசிப்போச்சா?"

"சாம்பார் நல்லாத்தான் கீது மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கிப் போனார்.

ஒரு சொட்டு கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கரண்டியை நிமிர்த்தினேன். வாளியில் மொண்டு நானே பந்திக்குக் கொண்டுபோனேன்.