நாற்காலியை அழுத்திப் பார்த்தவர்

டிசம்பர், இரண்டாவது சனிக்கிழமை: மயிலாப்பூர் சபா ஒன்றில் மாமாவின் நகைச்சுவை நாடகம். அடுத்த வெள்ளி: நாளிதழில் விமர்சனம். அதற்கடுத்த ஞாயிறு: அதே நாடகம், தியாகராய நகரில். மூன்றுக்கும் நான் சாட்சி; அப்போது எனக்கு ஒன்பது வயது. சென்ற மாதம், முதல் திங்கட்கிழமை: அடையாறு வீட்டில் மாமா காலமானார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பகலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வாரக் கடைசியில் நடிகர். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்ததும் சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு வந்து, மதியம்வரை அப்பாவோடு உட்கார்ந்து பேசுவார். தலைமையாசிரியரான அப்பா வாய்விட்டுச் சிரிப்பது அந்தச் சில மணிநேரம்தான்.

நாடகத்தில் மாமாவுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி வேடம். நீதிபதி உட்காருமுன் நாற்காலியை உள்ளங்கையால் இருமுறை அழுத்திப் பார்த்தார். உட்கார்ந்ததும், அதற்கு நன்றி சொல்வதுபோலத் தலையசைத்தார். அரங்கம் அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அப்பா. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பா, இது நீங்கதானே? நீங்க இப்பிடித்தானே உக்காருவீங்க?” என்றேன், கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு.

அப்பாவின் சிரிப்பு நின்றது. “மேடையப் பாரு” என்றார்.

விமர்சகர் அந்த ஒரு செய்கைக்கே தனிப் பத்தி ஒதுக்கியிருந்தார். இத்தனை கூர்மையான கவனிப்பை நகைச்சுவை மேடையில் அண்மையில் கண்டதில்லை என்பது அவர் தீர்ப்பு. அம்மா உரக்கப் படித்துவிட்டு, “எங்கேருந்துதான் இதெல்லாம் புடிக்கிறானோ” என்றார்.

“ஞாயித்துக்கிழமை திரும்பவும் போவோம்” என்றார் அப்பா.

தியாகராய நகரில் கூட்டம் விமர்சனத்தைப் படித்துவிட்டு வந்திருந்தது. மேடையில் நாற்காலி வந்ததுமே பின்வரிசையில் ஒருவர், “இப்பதான், இப்ப பாரேன்” என்று மனைவியை உசுப்பினார். மாமாவின் கை நாற்காலியை நோக்கிப் போயிற்று. அவர் கண் இரண்டாம் வரிசையில் அப்பாவைக் கண்டது. கை பாதியில் நின்றது. மாமா எல்லோரையும்போலச் சாதாரணமாக உட்கார்ந்தார்.

“அட, அத்த வுட்டுட்டாம்பா” என்றார் பின்வரிசைக்காரர்.

பேருந்து நிறுத்தத்தில் அம்மா, “மறந்திருப்பான்” என்றார்.

“மறக்கிற ஆளா அவன்?” என்றார் அப்பா.

மாமா வழக்கம்போல் அழுத்திப் பார்த்திருந்தால், அது யாரோ ஒரு நீதிபதி என்று அப்பா தம்மைத் தேற்றிக்கொண்டிருக்கக் கூடும். அவருக்காக அதைச் செய்யாமல் விட்ட அன்பு அந்த வழியையும் அடைத்துவிட்டது.

அதன்பின் ஞாயிறுகளில், “உக்காருங்க அத்தான்” என்று மாமா நாற்காலியை இழுத்துப் போடுவார். “இருக்கட்டும், நீ உக்காரு” என்பார் அப்பா; மாமா கிளம்பும்வரை நின்றபடியே பேசுவார். பத்திரிகையில் பெயர் வந்துவிட்ட மனிதருக்குக் காட்டவேண்டிய மரியாதை அது என்று நான் நினைத்தேன். பள்ளியிலும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

செய்யாமல் விட்டவை:

அந்த நீதிபதி அவர்தான் என்று அப்பாவிடம் சொன்னவன் நான் என்று மாமாவிடம் ஒப்புக்கொள்வது.

அன்று நான் கேலி செய்யவில்லை என்று அப்பாவிடம் சொல்வது.

இரங்கல் கூட்டத்துக்குக் கேட்டிருந்தபடி, மாமாவின் நகைச்சுவையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது.